குடித்தனக்காரருக்கு அரசு என்ன தருகிறது?

"இன்னா தம்பி, வாடகைக்கு கவர்மென்ட்ல காசு தராங்களாமே? அதுக்கு எந்த ஃபாரம்?"

வேலூர் சைதாப்பேட்டையில் பீடி சுற்றும் அக்கா ஒருவர், நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்துக்கு வந்து கேட்ட கேள்வி இது. கையில் மஞ்சப்பை. அதற்குள் இருந்ததை ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைத்தார். ரேஷன் கார்டில் பேரணாம்பட்டில் மாமியார் வீட்டு முகவரி. ஆதாரில் கஸ்பாவில் முன்பு குடியிருந்த வீட்டு முகவரி. வாக்காளர் அட்டையில் கல்யாணத்துக்கு முன்பு இருந்த குடியாத்தம் தெரு. மூன்று அட்டை, மூன்று வீடு. மூன்றிலும் அவர் இன்று இல்லை. நான்கு வருடமாக வாடகை கட்டிக் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் அவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

கேள்விக்கு நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத வாடகையில் ஒரு பங்கை அரசே கட்டும் பொதுவான திட்டம் தமிழ்நாட்டில் இல்லை. அப்படி ஒரு விண்ணப்பப் படிவம் எந்தக் கவுன்டரிலும் கிடைக்காது. "இருக்கு, முந்நூறு ரூபா குடு, எழுதித் தரேன்" என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் 1974-ல் வந்த ஒரு திட்டம் உண்டு. ஏழைக் குடும்பம் தன் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தை வாடகையாகக் கட்டும். மிச்சத்தை அரசு நேராக வீட்டு உரிமையாளருக்குத் தரும். அங்கேயும் பலர் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கைபேசியில் சுற்றும் வீடியோக்களில் அதையும் இதையும் கலந்து, இங்கேயே தருகிறார்கள் என்று சொல்லிவிடுகிறார்கள்.

அரசு யாருடைய வாடகைக்குமே உதவுவதில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அரசு ஊழியருக்குச் சம்பளத்தோடு வீட்டு வாடகைப் படி வருகிறது. தனியார் நிறுவனத்தில் நல்ல சம்பளம் வாங்குபவர் பழைய வரிமுறையில் இருந்தால், வாடகை ரசீதைக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். வாடகைப் படி இல்லாதவருக்கும் மாதம் 5,000 ரூபாய் வரை அந்தச் சலுகை உண்டு. வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பவரின் வாடகையில் அரசு இப்படி ஒரு பங்கைத் தாங்குகிறது. வரி கட்டும் அளவுக்கே வருமானம் இல்லாதவருக்கு இந்த வழியில் ஒரு ரூபாயும் வராது. என்னை ரொம்ப உறுத்துகிற விஷயம் இது. வாடகையின் கனம் யார் தோளில் அதிகமோ அவருக்குத்தான் கை நீளவில்லை.

ஏன் இப்படி? வீட்டு வசதி என்றாலே நம் அரசுகள் சொந்த வீட்டைத்தான் நினைத்து வந்திருக்கின்றன. 1970-ல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. 2021-ல் அது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. குடிசையில் இருப்பவருக்கு அடுக்குமாடியில் ஒரு வீடு ஒதுக்குவதுதான் அன்றிலிருந்து அதன் முக்கியமான வேலை. 2015-ல் வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டமும் வீடு கட்ட, வீடு வாங்க உதவும் திட்டம்தான். அதே 2015-ல் மத்திய அரசு நகர்ப்புற வாடகை வீடுகளுக்காக ஒரு வரைவுக் கொள்கை எழுதியது. ஏழைகளுக்கு வாடகைக் கூப்பன் தருவதைப் பற்றி அதில் பேச்சு இருந்தது. ஆனால் குடித்தனக்காரர் கையில் அப்படி ஒரு கூப்பன் வந்து சேரவில்லை.

வாடகைக்கு இருப்பவர்கள் என்று ஒரு கூட்டம் இருப்பதே 2020-ல்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது. ஊரடங்கில் வேலை போய், வாடகை கட்ட முடியாமல், லட்சக்கணக்கானவர்கள் சொந்த ஊருக்கு நடந்தார்கள். அந்த வருடம் ஜூலையில் குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. அரசுப் பணத்தில் கட்டிக் காலியாகக் கிடந்த வீடுகளைப் பழுது பார்த்து வாடகைக்கு விடுவது ஒரு வழி. தொழிற்சாலைகளோ தனியாரோ பொது நிறுவனங்களோ தங்கள் நிலத்தில் புதிதாகக் கட்டி வாடகைக்கு விடுவது இன்னொரு வழி. சூரத், ராஜ்கோட், சண்டிகர் போன்ற ஊர்களில் காலி வீடுகள் அப்படி வாடகைக்குப் போயின. தமிழ்நாட்டில் பெரும்பாலும் இரண்டாவது வழிதான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். பெரிய எண்தான். ஆனால் அது கம்பெனி வேலைக்குப் போகும் தனிப் பெண்களுக்கானது. கணவன், இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக ஒரு மாமியார் என்று இருக்கும் குடும்பத்துக்கு அங்கே இடமில்லை.

இந்த இடத்தில் வேலூர் வாடகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே வீட்டுக்காரருக்கு ஏழைக் குடித்தனக்காரர் தேவையில்லை. 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனை இன்று சி.எம்.சி.யாக நிற்கிறது. மேற்கு வங்கம், ஜார்கண்ட், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகள் குடும்பத்தோடு வந்து இறங்குகிறார்கள். தோட்டப்பாளையம், காந்தி ரோடு, சைதாப்பேட்டைச் சந்துகளில் ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு கட்டில் இருந்தால் போதும், நாள் வாடகைக்கு ஆள் வந்துவிடும். மாத வாடகைக்கு ஒரு குடும்பத்தை வைப்பதைவிட நாள் வாடகையில் வருமானம் அதிகம். காட்பாடிப் பக்கம் போனால் வி.ஐ.டி. 1984-ல் கல்லூரியாகத் தொடங்கியது. வெளியே தங்கும் மாணவர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்துவிடுகிறார்கள். நோயாளியும் மாணவரும் வருவதில் தப்பில்லை. அந்த மருத்துவமனையில் தரை துடைக்கிறவர், மெஸ்ஸில் தோசை சுடுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர் எல்லோரும் அதே சந்தில்தான் குடியிருந்தாக வேண்டும், அவ்வளவுதான். விடிகாலை ஐந்து மணிக்கு வேலைக்கு வர வேண்டியவர் அரியூரைத் தாண்டிப் போய்க் குடியிருக்க முடியாது.

சரி, இருக்கிற கதவுகள் எவை?

2024 செப்டம்பர் முதல் பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் நடக்கிறது. வேலூர் மாநகராட்சி, குடியாத்தம், பேரணாம்பட்டு நகராட்சிகளுக்கெல்லாம் பொருந்தும். அதில் நான்கு பிரிவு. சொந்த மனையில் தானே கட்டிக்கொள்பவருக்கு மானியம் என்பது முதல் பிரிவு; மனையே இல்லாத குடித்தனக்காரர் இதில் நுழையவே முடியாது. வீட்டுக் கடன் வாங்குபவருக்கு வட்டி மானியம் இன்னொன்று, அதிகபட்சம் 1.80 லட்சம், அதுவும் ஐந்து தவணையாக. கடன் கொடுக்க வங்கி தயாராக இருந்தால்தான் இதற்கு உயிர். வாடகைக் குடியிருப்பு என்று தனிப் பிரிவே இருக்கிறது. ஆனால் அதில் அரசின் உதவி கட்டடம் கட்டுபவருக்குப் போகிறது, குடியிருப்பவரின் கணக்குக்கு வராது. அந்தக் கட்டடம் நம் ஊரில் எழும்பிய பிறகுதான் விண்ணப்பம் என்ற பேச்சே.

மிச்சம் இருப்பது கூட்டு முறையில் கட்டப்படும் வீடு. வாடகைக்கு இருக்கும் ஏழைக் குடும்பம் இன்றைக்கு உண்மையிலேயே தட்டிப் பார்க்கக்கூடிய கதவு இதுதான் என்பது என் எண்ணம். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டும் அடுக்குமாடிகளில் மத்திய அரசு, மாநில அரசு பங்கு போக, பயனாளியும் ஒரு பங்கு கட்ட வேண்டும். அது இடத்துக்கு இடம் மாறும். சில ஆயிரத்தில் முடியாது, லட்சக் கணக்கு. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள், அதாவது மாதம் 25,000-க்குள் இருக்க வேண்டும். கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள் யார் பேரிலும் இந்தியாவில் எங்கேயும் காரை வீடு இருக்கக் கூடாது. கடந்த 20 ஆண்டுகளில் வேறு வீட்டு வசதித் திட்டத்தில் பயன் பெற்றிருக்கக் கூடாது. குடும்பத்தில் எல்லோருடைய ஆதார், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு, வருமானச் சான்று வேண்டும். கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு இருந்தால் வீட்டுக்கு 4 லட்சம் வரை உதவி உண்டு. வாழ்விட மேம்பாட்டு வாரிய வீட்டுக்கான பங்குத் தொகைக்கும் அதைப் பயன்படுத்தலாம். சித்தாள் வேலைக்குப் போகும் எத்தனையோ பெண்கள் அந்த அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் நச்சரிப்பேன்.

வருமானச் சான்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இ-சேவையில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று போய் வரும். கேட்பவர் எல்லோரும் "72 ஆயிரம்னு போட்டுடுங்க" என்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு முன்பு ஆண்டு வருமான உச்சவரம்பு 72,000. அந்த எண் மக்கள் மனதில் ஒட்டிக்கொண்டது. இப்போது அந்த வரம்பே 1,20,000. வீட்டுக்குக் கேட்கும்போது வரம்பு 3 லட்சம். வருமானத்தை வலிந்து குறைத்துக் காட்டினால், நாளைக்குப் பங்குத் தொகைக்கு வங்கிக் கடன் கேட்கும்போது "மாசம் ஆறாயிரம் சம்பாதிக்கிறவர் எப்படித் தவணை கட்டுவார்?" என்று அதே காகிதம் திருப்பி அடிக்கும். உள்ளதைச் சொல்வதுதான் நல்லது.

வேலைக்குப் போகும் தனிப் பெண்ணாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. மாநில அரசு நடத்தும் தோழி விடுதிகளில் ஒன்று வேலூரிலும் இருக்கிறது. நர்சு வேலைக்கு, லேப் வேலைக்கு வரும் பெண்கள் தனியார் விடுதிக்குப் பணம் கட்டுமுன் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

வாடகைக்கென்றே அரசு பணம் தரும் சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பழைய அடுக்குமாடிகளைப் பழுதாகிவிட்டதென்று இடித்துக் கட்டும்போது, அங்கே இருந்த குடும்பங்கள் வெளியே வாடகைக்குப் போக ஒரு கருணைத் தொகை. முன்பு 8,000, 2021-ல் 24,000 ஆக்கினார்கள். கட்டி முடிக்க ஒன்றரை வருடம் ஆனால் மாதத்துக்கு 1,333 ரூபாய் வருகிறது. அதுவும் ஒதுக்கீட்டு ஆணை வைத்திருப்பவருக்கு. ஒதுக்கீடு பெற்றவரிடம் இன்னொருவர் வாடகைக்கு இருந்தால் அவருக்கு ஒன்றும் இல்லை. ஒதுக்கீடு பெற்றவர் வாரிய வீட்டை வாடகைக்கு விடுவதே விதிக்கு மாறானது. கண்டுபிடித்தால் ஒதுக்கீடு ரத்தாகும். வாடகைக்கு வந்தவர் அட்வான்சையும் இழந்து தெருவில் நிற்பார். "ஹவுசிங் போர்டு வீடு, சீப்பா வருது" என்று போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இனி அந்த அக்காவின் மஞ்சப்பைக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சொன்ன எந்தக் கதவுக்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது, நீ எங்கே குடியிருக்கிறாய் என்பதற்கு அத்தாட்சி. குடித்தனக்காரரிடம் இல்லாதது அதுதான். பணம் இல்லை என்பதைவிட முகவரி இல்லை என்பதால்தான் பலருடைய மனு திரும்பி வருகிறது. வருமானச் சான்று கேட்டால் ஆதாரில் வேறு கிராமம். விசாரணைக்கு ஆள் வந்தால் அந்த முகவரியில் ஆள் இல்லை. ரேஷன் வாங்க மாதா மாதம் பேரணாம்பட்டுக்குப் பஸ் ஏற வேண்டும். ஒருநாள் பீடிக் கூலி போச்சு.

முகவரி வேண்டுமென்றால் எழுத்தில் வாடகை ஒப்பந்தம் வேண்டும். இதற்குச் சட்டமே இருக்கிறது. 1960-ம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017-ல் இயற்றிய நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டத்தை 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். எந்தக் குடித்தனமாக இருந்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம், அதற்கென உள்ள அரசு இணையதளம் வழியாகப் பதிய வேண்டும். பதிந்தால் ஒரு எண் தருவார்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வாடகை வாங்கினால் ரசீது தர வேண்டும். வீட்டைக் காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.

இந்தச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத கூர்மை ஒன்று உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் போடவில்லை என்பதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணமாக ஆகிவிடும். "இருவத்தஞ்சு வருஷமா இருக்கேன், யாரு என்ன செய்ய முடியும்?" என்று இருப்பவர்தான் உண்மையில் பலவீனமாக நிற்கிறார். வாய்ப்பேச்சுக்கு இருந்த பழைய பலம் போய்விட்டது.

பிறகு ஏன் வீட்டுக்காரர்கள் எழுதித் தருவதில்லை? நான் பேசிப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் இல்லை. அவர்களும் மாடியில் ஒரு போர்ஷன் கட்டி, அந்த வாடகையில் மருந்து வாங்குகிறவர்கள்தான். ரேஷன் கார்டில் இந்த முகவரி ஏறிவிட்டால் வீடு அவர்களுடையது ஆகிவிடும் என்று ஒரு பயம். வீட்டு வரி கூடிவிடும் என்று இன்னொரு பயம். முதல் பயத்துக்குப் பதில் எளிது: ரேஷன் கார்டு யாருக்கும் வீட்டின் மேல் உரிமை தராது. பதிந்த ஒப்பந்தம் உரிமையாளரையும் காப்பாற்றும். கெடு முடிந்தும் காலி செய்யாதவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. வரியைப் பற்றிய பயத்துக்கு என்னிடம் அவ்வளவு எளிதான பதில் இல்லை. வாடகைக்கு விட்ட வீட்டின் வரியை அரசு கொஞ்சம் இறக்கிக் கொடுத்தால் எத்தனையோ பேர் மனசு வந்து கையெழுத்துப் போடுவார்கள்.

காகிதம் இல்லாததால் நழுவிப்போகும் இன்னொரு உதவி மின்சாரம். 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் அது இணைப்புக்கு, குடும்பத்துக்கு அல்ல. ஒரே சர்வீஸில் மூன்று போர்ஷன், மூன்றுக்கும் சப் மீட்டர் என்று இருந்தால், இலவச யூனிட் வீட்டுக்காரர் பில்லில் கழிந்துவிடும். மூன்று குடும்பத்துச் செலவும் ஒன்றாய்ச் சேர்வதால் மேல் விலை வரிசைக்கும் ஏறிவிடும். குடித்தனக்காரர் முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று கட்டுகிறார். அந்த அக்கா மாதம் 50 யூனிட் எரித்து, யூனிட்டுக்கு 8 ரூபாய் கணக்கில் 400 கட்டுகிறார். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். தனி இணைப்பு இருந்திருந்தால் அவருக்குச் சேர வேண்டிய உதவி அப்படியே அவர் கைக்கு வந்திருக்கும்.

போக்கியத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. லீஸ், ஒத்தி என்றும் சொல்வார்கள். மூன்று லட்சம் கொடுத்தால் மாத வாடகை இல்லை, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பும். கேட்க இனிக்கும். கையில் சும்மா கிடக்கும் பணமாக இருந்தால் நல்லதுதான். ரெண்டு வட்டிக்கு வாங்கிக் கொடுத்தால்? மூன்று லட்சத்துக்கு மாத வட்டி 6,000. நாலாயிரத்து ஐந்நூறு வாடகையிலிருந்து தப்பிக்க ஆறாயிரம் வட்டி கட்டுகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். சட்டப்படி இது சுவாதீனத்தோடு கூடிய அடமானம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால்தான் செல்லும். வெறும் பத்திரத் தாளில் எழுதி, இரண்டு சாட்சி கையெழுத்தோடு பெட்டியில் வைத்துவிட்டால், அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து ஏலத்துக்கு வரும்போது போக்கியக்காரர் கைவிரித்து நிற்க வேண்டியதுதான். பணம் கொடுக்குமுன் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள்.

அந்த அக்காவின் வீட்டுக்கார அம்மாவிடம் நானே போய்ப் பேசினேன். இரண்டு தடவை முடியாது என்றார். மூன்றாவது தடவை தன் மகனோடு மையத்துக்கே வந்து, ஒப்பந்தத்தை வரி வரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "கரண்டுக்கு தனி மீட்டர் எல்லாம் இப்போ வேணாம்" என்றார். சரி என்றோம். பதினோரு மாதத்துக்கு எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, இணையத்தில் பதிந்து எண் வந்தது. பிறகு ஆதார் மாறியது, ரேஷன் கார்டு மாறியது. வருமானச் சான்றுக்கு உள்ளபடி எழுதிப் போட்டோம். வாரிய வீட்டுக்கான மனுவை ஒரு திங்கட்கிழமை சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்வு நாளில் கொடுத்து, மனு எண்ணை வாங்கி அவர் பர்ஸிலேயே வைக்கச் சொன்னேன். வீடு இன்னும் வரவில்லை. ரேஷனுக்காகப் பேரணாம்பட்டு பஸ் ஏறுவது நின்றுவிட்டது.

மனுவில் முகவரியை டைப் செய்தபோது அக்கா திரையை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கதவு நம்பர் பக்கத்துல மாடின்னு போடு தம்பி," என்றார். "இல்லன்னா தபால்காரரு கீழயே குடுத்துட்டுப் போயிடுவாரு."